வன்னி வீட்டில் கடல் தொட்டி: கார்டினல் மீன்களோடு தொடங்குவோம்

கடல் மீன் வளர்ப்பது கொழும்புப் பக்கத்து வசதியான வீடுகளுக்கு மட்டுமே சரிப்படும் என்றொரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. நன்னீர்த் தொட்டியைவிட உப்புநீர்த் தொட்டிக்குச் செலவும் கவனமும் கூடத்தான். ஆனால் மீனைப் பார்த்துத் தெரிந்தெடுத்து, தண்ணீரை அவசரப்படாமல் தயார் செய்தால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு சாதாரண வீட்டு விறாந்தையை ஒட்டிய அறையில் சிறிய கடல் தொட்டி ஒன்றைப் பல வருடங்கள் நல்லபடி வைத்திருக்கலாம். முதன்முதலாகத் தொடங்குகிறவர் யார் கேட்டாலும் நான் சொல்வது கார்டினல் மீன்தான்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். மீன் கடையில் வெறுமனே 'கார்டினல்' என்று கேட்டால் நீலமும் சிவப்பும் மின்னும் கார்டினல் டெட்ராவை எடுத்துத் தரக்கூடும். அது தென்னமெரிக்க ஆறுகளின் நன்னீர் மீன். உப்புநீரில் விட்டால் செத்துப்போகும். இங்கே பேசுவது அபோகோனிடே என்ற கடல் மீன் குடும்பத்தைப் பற்றி. இதில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 10 சென்ரிமீற்றரைத் தாண்டாதவை. முதுகில் தனித்தனியாக இரண்டு செட்டைகள், உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண்கள், பெரிய வாய். மன்னார் வளைகுடாவின் முருகைக்கற்பார்களிலும் இந்தக் குடும்பத்து மீன்கள் வாழ்கின்றன. ஆக, எங்கள் கடலுக்கு இவை அந்நியம் இல்லை.

அந்தப் பெரிய கண் ஒன்றே இந்த மீனைப் பற்றிப் பாதி விடயத்தைச் சொல்லிவிடும். இவற்றில் பெரும்பாலானவை இரவு மீன்கள். பகலில் முருகைக்கல் இடுக்கிலோ, கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவிலோ, சில இனங்கள் கண்டல் வேர்களுக்குள்ளோ ஒதுங்கி நிற்கும். பொழுது பட்டதும் வெளியே வந்து, தண்ணீரில் மிதந்து வரும் சிறு உயிர்களையும் குஞ்சு இறால்களையும் பிடித்துத் தின்னும். பகல் முழுக்க ஓரிடத்தில், செட்டையை மட்டும் மெல்ல அசைத்தபடி அந்தரத்தில் நிற்பதுதான் இவற்றின் இயல்பு. தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுவதில்லை, மற்ற மீனின் வாலைக் கடிப்பதில்லை. சிறிய தொட்டிக்கு இவை பொருந்துவதற்கும் இதுதான் காரணம். அதே நேரம், புதிதாக வாங்கியவர் 'மீன் அசையவில்லை, நோயாக்கும்' என்று பயப்படுவதும் இதனால்தான். மூச்சு சீராக இருந்து, இருட்டியதும் நடமாடி, தீனியை எடுத்தால் அந்த மீன் நலமாகத்தான் இருக்கிறது.

கடைகளில் அதிகம் காணக்கூடியவை இரண்டு இனங்கள்.

முதலாவது பங்காய் கார்டினல். வெள்ளி உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், வெள்ளைப் பொட்டுகள், நீண்டு தொங்கும் செட்டைகள் என்று பார்த்தவுடன் கேட்கத் தோன்றும் அழகு. உலகத்திலேயே இந்தோனேசியாவின் சுலாவெசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுக்கூட்டத்தில்தான் இது இயற்கையாக வாழ்கிறது. 1933 இல் அறிவியல் இதற்குப் பெயர் வைத்தது. பிறகு பல பத்தாண்டுகள் எவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990களின் நடுவில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டதும் அலங்கார மீன் வியாபாரம் அதன்மேல் பாய்ந்தது. அளவுமீறிப் பிடித்ததன் விளைவாக, 2007 இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. மற்றக் கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரத் தீவுகளுக்கும் பரவும். இதன் குஞ்சுகள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஓரிடத்தில் முழுதாகப் பிடித்து முடித்துவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வேறெங்கிருந்தும் மீன் வராது. ஆகவே பங்காய் வாங்குகிறவர்கள், பண்ணையில் பொரித்து வளர்த்ததா என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்க வேண்டும். தெரியாது என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். பண்ணை மீனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கடலில் பிடித்து, கூடை கூடையாக நெருக்கி ஏற்றி வரும் பங்காய்களிடையே ஒரு வைரஸ் நோய் பரவி, வாங்கிய சில நாட்களில் தீனியை மறுத்து ஒவ்வொன்றாக இறப்பது நடக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

இரண்டாவது பைஜாமா கார்டினல். முகம் பச்சை கலந்த மஞ்சள், நடு உடம்பில் அகலமான கறுப்புப் பட்டை, பின்பாதி முழுக்கச் செம்பழுப்புப் பொட்டு, கண் சிவப்பு. எட்டுச் சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும். மேற்குப் பசிபிக் கடலின் மீன் இது. தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். உடல் உறுதியானது, தீனிக்கு அடம் பிடிப்பது குறைவு, நான்கைந்தைச் சேர்த்து வைத்தால் கூட்டமாக ஒற்றுமையாக நிற்கும். பங்காய் அப்படியில்லை. சாது என்று பெயர் வாங்கியிருந்தாலும், சிறிய தொட்டியில் நான்கைந்தை ஒன்றாக விட்டால் இரண்டு மட்டும் சோடி சேர்ந்து, மற்றவற்றை மூலையில் ஒதுக்கி, சாகும்வரை துரத்தும். எனவே பங்காய் என்றால் ஒன்று, அல்லது ஏற்கெனவே சோடி சேர்ந்த இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

தொட்டியின் அளவு

பங்காய் சோடிக்கு 110 லீற்றர் அளவு போதும். நான்கைந்து பைஜாமாவுக்கு 150 லீற்றருக்கு மேல் வேண்டும். 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 180 லீற்றர் கொள்ளும். பெரிய தொட்டிதான் தொடக்கக்காரருக்குச் சுலபம். தண்ணீர் கூட இருந்தால் வெப்பமும் உப்பும் மெல்லத்தான் மாறும், தவறைத் திருத்த நேரம் கிடைக்கும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும் என்பதால் பலகை மேசையில் வைக்க வேண்டாம். சீமெந்துத் திட்டு கட்டி, மேலே ஒரு றெஜிஃபோம் தகடு விரித்து வையுங்கள்.

தண்ணீர்: வேலையின் பெரும்பகுதி இங்கேதான்

'பக்கத்தில் ஆனையிறவு உப்பளம் இருக்கிறதே, அந்த உப்பைக் கரைத்துவிட்டால் கடல்நீர்தானே?' என்று கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் சரிவராது. உப்பளத்தில் கடல்நீர் வெயிலில் வற்றும்போது கல்சியம் சேர்ந்த பகுதிகள் முதலில் தனியே படிந்துவிடும். பிறகு கறியுப்பு படிகமாகும். மக்னீசியம் போன்றவை மிஞ்சிய கசப்பு நீரோடு வெளியேற்றப்படும். எஞ்சுவது எங்கள் சமையலுக்கு வேண்டிய சோடியம் குளோரைட்டு. அதில் கல்சியமும் போதாது, மக்னீசியமும் போதாது, காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் காபனேற்றுகளும் போதாது. மீனுக்குத் தேவை இவை எல்லாம் அளவோடு சேர்ந்த நீர். அதனால் கடல் தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்க வேண்டும், அல்லது உண்மையான கடல்நீரை எடுத்து வர வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்குக் கடல்நீர் இலவசம். ஆனால் எங்கே, எப்போது எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளின் நீர் வேண்டவே வேண்டாம். மாரியில் அவற்றில் வெள்ளம் வந்து கலந்து உப்புக் குறைந்துவிடும், கோடையில் வற்றி உப்பு ஏறிவிடும். திறந்த கடலாக இருந்தாலும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், அதாவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, கரையோர நீர் கலங்கலாகவும் உப்புக் குறைவாகவும் இருக்கும். மழை முடிந்து கடல் தெளிந்த பிறகு, கரையைவிட்டு உள்ளே போகும் படகில் தெரிந்தவர் யாரிடமாவது கலன்களைக் கொடுத்துவிட்டால் நல்ல நீர் கிடைக்கும். கொண்டு வந்ததைச் சுத்தமான துணியில் வடித்து, மூடிய பரலில் இருட்டில் ஓரிரு வாரம் வைத்திருங்கள். மிதக்கும் நுண்ணுயிர்கள் இறந்து அடியில் படியும். தெளிந்ததை மட்டும் எடுத்து, காற்றுப் பம்பு போட்டு ஒரு நாள் கலக்கிய பின் பாவிக்கலாம். கலன் விடயத்தில் ஒன்று: வயலுக்கு மருந்தடிக்கப் பாவித்த கலனையோ டீசல் கலனையோ எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

உப்பு வாங்கிக் கரைப்பவர்கள் எந்த நீரில் கரைப்பது? கிணற்று நீர் வேண்டாம். வன்னியின் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது, சில இடங்களில் உவர். வயல்கள் சூழ்ந்த இடத்தில் உரத்தின் நைத்திரேற்றும் கலந்திருக்கும். சிறுநீரக நோய்ப் பயத்தால் எங்கள் ஊர்களில் திறக்கப்பட்ட, நீரிலுள்ள உப்புகளை வடித்தெடுக்கும் ஆர்.ஓ. குடிநீர் நிலையங்கள் இந்த வேலைக்கும் உதவும். அந்த நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்ற கணக்கில் கரைத்து, ஒரு நாள் கலக்க விட்டு, பிறகு அளந்து பாருங்கள். சாரடர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023க்கும் 1.026க்கும் இடையில் இருந்தால் சரி. அளக்க ரிஃப்ராக்டோமீற்றர் என்ற சிறு கருவி இருக்கிறது. ஒரு சொட்டு நீர் போதும். நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது இங்கே உதவாது.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இனி வருகிறது. தொட்டி நீர் வற்றும்போது தண்ணீர் மட்டுமே ஆவியாகிப் போகிறது. உப்பு உள்ளேயே இருக்கிறது. ஆகவே குறைந்த நீருக்குப் பதில் உப்புநீர் ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். தினம் ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. நீர். கண்ணாடியில் ஒரு கோடு கீறி வைத்து, நீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். உப்புநீர் தேவைப்படுவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து வீதம் பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிது விடும்போதுதான்.

மீனுக்கு முன் பக்டீரியா

தொட்டியில் நீர் நிரப்பி அன்றே மீன் விட்டால் அது இறப்பது பெரும்பாலும் உறுதி. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா உருவாகும். அது செவுளை எரிக்கும் நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். இது ஓரளவுக்கு இருந்தால் மீன் தாங்கும். நீர் மாற்றும்போது குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகை பக்டீரியாவும் கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். அதுவரை தொட்டி மீன் இல்லாமல்தான் ஓட வேண்டும்.

செய்முறை கடினமில்லை. கல், மணல், பம்பு எல்லாம் வைத்து நீரை ஓட விட்டு, ஒரு துண்டு இறாலை உள்ளே போட்டு அழுக விடுங்கள். சொட்டு மருந்து போல விற்கும் சோதனைப் பெட்டியால் சில நாளுக்கு ஒருமுறை அளந்து வாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியத்துக்கு வந்து நைத்திரேற்று மட்டும் மிஞ்சினால் தொட்டி தயார். இறாலுக்குப் பதிலாக விலை குறைந்த டாம்சல் மீனை விட்டுத் தொட்டியைப் பழக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அந்த மீன் நஞ்சில் கிடந்து வேதனைப்படும். தப்பிப் பிழைத்தாலோ, தொட்டியைத் தனக்குரியதாக்கிக்கொண்டு பின்னால் வரும் கார்டினலை ஒருநாளும் நிம்மதியாக இருக்க விடாது.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலில் இருந்து முருகைக்கல்லை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். மீன் குஞ்சுகளின் வீட்டைப் பிடுங்கும் வேலையும்கூட. கடையில் கிடைக்கும் உலர்ந்த செயற்கைக் கல் போதும். குகையும் கூரையும் போல அடுக்கி, நடுவில் நீந்த வெளி விட்டு வையுங்கள். பகலில் ஒதுங்க நிழல் இல்லாவிட்டால் கார்டினல் மிரண்டுபோய் நிற்கும்.

வெயில், கரண்ட், நுளம்புத்திரி

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பார்த்தால் தண்ணீரைச் சூடாக்கும் கருவியை வாங்கு என்று இருக்கும். வன்னியில் எங்களுக்குத் தலைவலி அதற்கு நேர்மாறு. இந்த மீன்களுக்குப் பொருத்தம் 24 முதல் 27 பாகை. 28 வரை தாங்கும். சித்திரை வெயிலில் சீற் போட்ட வீட்டுக்குள் தொட்டி நீர் 31, 32க்குப் போய்விடும். சூடு ஏற ஏற நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். உப்புநீர் ஏற்கெனவே நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஒட்சிசனைப் பிடித்து வைக்கிறது. தொட்டியை வீட்டின் குளிர்ந்த அறையில், யன்னல் வெயில் படாத சுவரோரம் வையுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலைமூடி போட்டு, நீர்ப்பரப்பின்மேல் காற்று அடிக்கும்படி ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்தினால் இரண்டு மூன்று பாகை குறையும். சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் இது மிக நன்றாக வேலை செய்யும். அந்த நாட்களில் நீரும் வேகமாக வற்றும் என்பதால் காலையும் மாலையும் கோட்டைப் பாருங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? 2022 இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களை யாரும் மறக்கவில்லை. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். மீனுக்கு முதலில் தட்டுப்படுவது ஒட்சிசன்தான், அதனால் குமிழி ஓடினாலே பல மணி நேரம் தாக்குப் பிடிக்கும். அந்த நேரத்தில் தீனி போட வேண்டாம். மூடிய வகை வடிகட்டி என்றால், நீண்ட நேரம் நின்ற பிறகு அதில் தேங்கிய கெட்ட நீரை ஊற்றிவிட்டு, தொட்டி நீரிலேயே அலசிவிட்டு மறுபடி போடுங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ட்றிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இந்தத் தொட்டியை வைக்க வேண்டாம். வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி இருந்தால், வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

எந்தப் புத்தகத்திலும் எளிதில் காணாத ஆபத்து நுளம்புத்திரி. காற்றுப் பம்பு அறைக்காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. நுளம்புத்திரியிலும் தெளிமருந்திலும் இருக்கும் பைரித்ரொயிட் வகை நஞ்சு எங்களுக்குச் சின்னது, மீனுக்கும் இறாலுக்கும் கொடியது. தொட்டி உள்ள அறையில் திரி கொளுத்தாதீர்கள். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் பம்பை நிறுத்தித் தொட்டியைப் பொலித்தீனால் மூடி, புகை கலைந்த பிறகு திறவுங்கள்.

மீனைக் கொண்டு வருவதும் தீனியும்

கடல் அலங்கார மீன் கடைகள் பெரும்பாலும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம்தான். ஏ9 வீதியில் பகல் வெயிலில் கொண்டு வராமல் இரவுப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் ஒட்சிசன் அடைத்து, றெஜிஃபோம் பெட்டிக்குள் வைத்து, மடியிலேயே கொண்டு வாருங்கள். பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் போட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையை தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு மீனை அந்த நீரோடு வாளியில் விட்டு, மெல்லிய குழாயால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேருங்கள். பிறகு மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முடிந்தால் முதல் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தீனிக்குக் கடற்கரை ஊரில் கவலை இல்லை. நல்ல பச்சை இறாலைத் தோல் நீக்கி, அரிசியளவுக்கு நறுக்கி, அலசிப் போடலாம். உறையவைத்த ஆட்டீமியா, மைசிஸ் (இரண்டும் இறால் போன்ற சிறு உயிர்கள்) கிடைத்தால் மாறி மாறிக் கொடுங்கள். வெளிச்சத்தை அணைக்கும் நேரத்துக்குச் சற்று முன் போட்டால் நன்றாக எடுக்கும். வந்த புதிதில் சில மீன்கள் அசையும் உணவை மட்டுமே தின்னும். அவற்றுக்கு ஆட்டீமியா முட்டையை உப்புநீரில் பொரிக்க வைத்துக் கொடுக்கலாம். எங்கள் வெப்பத்தில் ஒரு நாளிலேயே பொரித்துவிடும்.

கூட்டாளிகளாகக் கோமாளி மீன், சிறு கோபி, கோபி வகையான நெருப்பு மீன் (ஃபயர்ஃபிஷ்) போன்றவை பொருந்தும். கலவாய்க் குஞ்சு, கிளாத்தி வகை, சிங்க மீன் எதையும் சேர்க்க வேண்டாம். கார்டினலின் வாயையும் மறந்துவிடாதீர்கள். அந்த வாய்க்குள் போகக்கூடிய அளவில் அலங்கார இறால் விட்டால் விடியும்போது அதைக் காண முடியாது.

தகப்பன் வாயில் குஞ்சு

இந்தப் பெரிய வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று எங்கள் குளங்களில் பிடிபடும் திலாப்பியாவில் தாய்தான் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். கார்டினலில் அது தகப்பனின் பொறுப்பு. பெண் இட்ட முட்டைத் திரளை ஆண் அப்படியே வாயில் வாங்கிக்கொள்ளும். தாடை கீழே தொங்கி, தீனிக்கு வராமல் ஒதுங்கி நின்றால் விடயம் அதுதான். பங்காய் தகப்பன் முட்டை பொரிக்கும்வரை மூன்று வாரமளவில் வைத்திருந்து, பொரித்த குஞ்சுகளையும் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு மாதம் சாப்பாடு இல்லை. அந்த நாட்களில் வலை போட்டு மிரட்டினால் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். தொந்தரவு செய்யாதீர்கள்.

பைஜாமாவின் குஞ்சுகள் மிக நுண்ணியவை, வீட்டில் வளர்ப்பது கடினம். பங்காய் குஞ்சோ தகப்பனின் சிறு பிரதியாக, நீந்தத் தெரிந்தே வெளியே வரும். அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பொரித்த ஆட்டீமியாவை நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுத்தால் பல குஞ்சுகளைக் காப்பாற்றிவிடலாம். ஒளிய இடமில்லாமல் அவை மிரளும் என்பதால், முள்ளெலியின் முள்ளைப் போல மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் தூரிகையை உள்ளே வைப்பது வழக்கம்.

வளர்ந்த குஞ்சுகளை அக்கம்பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் கடைகளுக்கும் கொடுங்கள். மிஞ்சியதை நந்திக்கடலிலோ முல்லைத்தீவுக் கடலிலோ விடும் எண்ணம் மட்டும் வேண்டாம். வியாபாரிகளின் கையிலிருந்து தப்பிய பங்காய்கள், தங்கள் சொந்த இடமல்லாத வட சுலாவெசியின் லெம்பே நீரிணையில் இன்று பெருகி நிற்கின்றன. இங்கும் அப்படி நடக்க ஒரு வாளி மீன் போதும்.